வடிவ இலக்கணம்: பல்லாடியோவின் மாளிகைகளும் அவர் வரையாத வீடுகளும்

வடிவ இலக்கணம் என்பது, வரையப்பட்ட ஒரு வடிவத்தின் ஏதேனும் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அதன் இடத்தில் வேறொரு வடிவத்தை வைக்கச் சொல்லும் விதிகளின் தொகுப்பு ஆகும். மொழியின் இலக்கணம் சொற்களைக் கொண்டு வாக்கியங்களை ஆக்குவது போல, இது கோடுகளையும் பரப்புகளையும் கொண்டு ஓவியம், சாளரம், நாற்காலி, வீடு போன்றவற்றின் வடிவமைப்புகளை ஆக்குகிறது. ஜார்ஜ் ஸ்டைனி, ஜேம்ஸ் கிப்ஸ் என்ற இரு அமெரிக்க இளைஞர்கள் 1971-ஆம் ஆண்டு அன்றைய யூகோஸ்லாவியாவின் லியூப்லியானா நகரில் நடந்த பன்னாட்டுத் தகவல் செயலாக்க மாநாட்டில் இக்கருத்தை முன்வைத்தனர். அப்போது அவர்கள் பேசியது ஓவியத்தையும் சிற்பத்தையும் பற்றி மட்டுமே. ஏழு ஆண்டுகள் கழித்து, 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டிடக்கலைஞர் ஆந்திரேயா பல்லாடியோவின் மாளிகைகளுக்கு ஓர் இலக்கணம் எழுதப்பட்டபோதுதான் கட்டிடக்கலை உலகம் திரும்பிப் பார்த்தது. ஒரு கலைஞரின் பாணியை விதிகளாக எழுதிவிட முடியுமா, முடியுமென்றால் அவ்விதிகளிலிருந்து பிறக்கும் புதிய வீடு யாருடையது என்ற வழக்கு அன்று தொடங்கியது.

விதி வேலை செய்யும் முறை

ஒரு தாளும் அளவுகோலும் இருந்தால் மாணவர்கள் இதைத் தாங்களே செய்து பார்க்கலாம். "ஒரு சதுரம் இருந்தால், அதன் நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைத்து உள்ளே ஒரு சாய்ந்த சதுரம் வரைக" என்பது விதி. உள்ளே புதிதாக வந்ததும் சதுரமே என்பதால் அதற்கும் அதே விதி பொருந்தும். ஐந்து முறை செய்தபின் நடுவில் உள்ள சதுரத்தின் பரப்பு முதல் சதுரத்தின் பரப்பில் 32-இல் ஒரு பங்காக இருக்கும். ஒரே ஒரு விதி, ஆனால் முடிவில்லாத வரிசை.

இங்கே இரண்டு சிக்கல்கள் எழுகின்றன. அடுத்து எந்தச் சதுரத்தில் வேலை செய்வது? எங்கே நிறுத்துவது? இதற்காக ஸ்டைனியும் கிப்ஸும் அடையாளக் குறிகளைச் சேர்த்தனர். குறி இருக்கும் சதுரத்தில் மட்டுமே விதி செல்லும். விதி முடிந்ததும் குறி உள்சதுரத்துக்கு நகரும். குறியை அழிக்கும் இன்னொரு விதியைப் பயன்படுத்தினால் வேலை முடிந்தது. ஸ்டைனி 1970-இல் அக்ரிலிக் வண்ணத்தில் தீட்டிய 'ஊர்ஃபார்ம்' என்னும் மூன்று ஓவியங்கள் இவ்வாறு விதிகளால் ஆனவை. அவையே முதல் கட்டுரைக்குச் சான்றுகளாக நின்றன.

இந்த எண்ணம் வெறும் வெளியிலிருந்து வந்ததன்று. குறியீட்டுச் சரங்களை விதிகளால் மாற்றி எழுதும் முறையைக் கணித அறிஞர் எமில் போஸ்ட் 1943-இல் வகுத்திருந்தார். 1957-இல் நோம் சோம்ஸ்கி மொழிக்கு அத்தகைய விதிகளைப் பயன்படுத்தினார். அதன்பின் 'எழுத்துக்கு முடியுமென்றால் படத்துக்கு ஏன் முடியாது' என்ற கேள்வி பல நாடுகளில் ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுந்தது. சென்னை தாம்பரத்திலுள்ள கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974-இல் கோலங்களுக்கான அணி இலக்கணம் பற்றிய ஆய்வை வெளியிட்டது இந்த வரலாற்றில் தமிழர் அறிய வேண்டிய ஒன்று. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கோல ஆய்வில் படம் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குறியீடு உண்டு. ஸ்டைனியின் முறையில் குறியீடு இல்லை, கட்டம் இல்லை. விதி நேரடியாகக் கோட்டின் மேல் வேலை செய்கிறது. இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது பின்னால் தெரியும்.

தச்சரின் குச்சிகள்

கட்டிடத்தை நெருங்கிய முதல் படி ஒரு சாளரம். டேனியல் ஷீட்ஸ் டை என்ற அமெரிக்க ஆசிரியர் மேற்குச் சீனாவில் பல ஆண்டுகள் வாழ்ந்து, சீன வீடுகளின் மரச் சாளரப் பின்னல்களை வரைந்து திரட்டி 1937-இல் நூலாக வெளியிட்டார். அவற்றுள் ஒரு வகை 'பனிக்கீறல்' எனப்படுவது. குளத்தில் உறைந்த பனி வெடித்தால் கோடுகள் எப்படி ஓடுமோ அப்படி, ஒழுங்கே இல்லாதது போல் இருக்கும்.

1977-இல் ஸ்டைனி அதைச் சில எளிய விதிகளால் விளக்கினார். முக்கோணமோ நாற்கோணமோ ஐங்கோணமோ எதுவானாலும், ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு ஒரு குச்சியை வைத்து, ஏறத்தாழச் சமமான இரண்டு பகுதிகளாகப் பிரி. வந்த பகுதிகளையும் அவ்வாறே பிரி. சாளரச் சட்டத்தின் முன் அமர்ந்து ஒவ்வொரு குச்சியாகப் பொருத்திக்கொண்டே போகும் தச்சர் மனத்தில் கொண்டிருந்தது முழுப் படமன்று, இந்தச் சிறிய விதிதான் என்பது ஸ்டைனியின் ஊகம். ஒழுங்கின்மையாகத் தெரிந்ததன் அடியில் ஓர் ஒழுங்கு இருந்தது.

பல்லாடியோவின் மாளிகைகள்

1508-இல் பதுவா நகரில் பிறந்து கல்தச்சராக வேலை தொடங்கியவர் பல்லாடியோ. வெனிஸ் நகரப் பிரபுக்கள் நிலப்பகுதியில் வேளாண்மையில் முதலீடு செய்யத் தொடங்கிய காலம் அது. அவர்களுக்கு வயலின் நடுவே வசதியான, ஆனால் செலவு கட்டுக்குள் நிற்கும் மாளிகைகள் தேவைப்பட்டன. செங்கல்லால் கட்டிச் சுண்ணம் பூசி, முகப்பில் மட்டும் பழைய ரோமானியக் கோயிலின் தூண்களையும் முக்கோண முடியையும் வைத்து, பல்லாடியோ அத்தேவையைத் தீர்த்தார். 1570-இல் வெனிஸில் வெளியான 'கட்டிடக்கலையின் நான்கு நூல்கள்' என்ற தம் படைப்பில் இம்மாளிகைகளின் படங்களை அளவுகளோடு அச்சிட்டார். அறைகளுக்கு ஏழு வடிவங்களே சிறந்தவை என்றும் அதில் எழுதினார்: வட்டம், சதுரம், சதுரத்தின் மூலைவிட்டத்தை நீளமாகக் கொண்டது, பிறகு அகலத்துக்கு நீளம் 3:4, 2:3, 3:5, 1:2 என அமைந்த நீள்சதுரங்கள்.

விதிகளைத் தாமே எழுதிவைத்த கலைஞர் என்பதால் ஆய்வாளர்கள் அவரிடம் திரும்பத் திரும்பச் சென்றதில் வியப்பில்லை. ருடால்ஃப் விட்கோவர் என்ற கலை வரலாற்றாசிரியர் 1949-இல் வெளியிட்ட நூலில் பல்லாடியோவின் பதினொரு மாளிகைகளின் தரை வரைபடங்களை, அதாவது பொதுவாகப் பிளான் என்று சொல்லப்படுபவற்றை, வெறும் கோடுகளாகச் சுருக்கி ஒரே பக்கத்தில் வைத்தார். பன்னிரண்டாவதாக, அவை அனைத்துக்கும் அடியில் இருக்கும் ஒரு பொதுக் கட்டத்தையும் வரைந்தார். பதினொரு வீடுகளும் ஒரே பாட்டின் பதினொரு ஆலாபனைகள் போலத் தெரிந்தன.

எடுத்துக்காட்டாக, வெனிஸுக்கு அருகே பிரென்டா ஆற்றங்கரையில் ஃபோஸ்காரி உடன்பிறந்தார் இருவருக்காகக் கட்டப்பட்ட மாளிகையைப் பார்க்கலாம். மல்கொன்டென்டா, அதாவது 'மனநிறைவற்றவள்' என்பது அதன் வழக்குப் பெயர். அங்கே அடைத்துவைக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றிய கதையும் உண்டு. அதன் அகலம் 2:1:2:1:2 என்ற விகிதத்தில் ஐந்தாகப் பிரிகிறது. நடுவில் சிலுவை வடிவக் கூடம். கூடத்தின் அகலம் 32 அடி. இருபுறமும் 12-க்கு 16, 16-க்கு 16, 16-க்கு 24 அடி என மூன்று மூன்று அறைகள். நடுவிலுள்ள 1:2:1 பகுதியைக் கூட்டினால் 8, 16, 8 எனச் சரியாக 32 வருகிறது. அறைகளின் விகிதங்களோ 3:4, 1:1, 2:3. கணக்கு ஆசிரியர் யாரும் இந்த வீட்டை வகுப்பில் காட்டாமல் விடமாட்டார்.

1978-இன் இலக்கணம்

விட்கோவர் பொதுக் கட்டத்தைக் காட்டினார். ஆனால் அதிலிருந்து ஒரு வீட்டுக்கு எப்படிப் போவது என்று சொல்லவில்லை. அந்த வழியைத்தான் ஸ்டைனியும், ஆஸ்திரேலியாவில் பிறந்த கட்டிடக்கலைப் பேராசிரியர் வில்லியம் மிட்செலும் 1978-இல் எழுதினர். அவர்களது இலக்கணம் எட்டுக் கட்டங்களாகச் செல்கிறது. முதலில் கட்டக்கோடுகள். பிறகு வெளிச்சுவர். பிறகு அறைகள். அதன்பின் உட்சுவர்களைச் சற்றே நகர்த்திச் சரிசெய்தல், தூண் முகப்பு உள்ளிட்ட வாயில்கள், வெளித் தூண்கள், கதவுகளும் சன்னல்களும். கடைசியில் குறிகளை அழித்து முடித்தல்.

இவற்றுள் உயிரான பகுதி மூன்றாவது. ஐந்து நெடுவரிசை, மூன்று கிடைவரிசை கொண்ட கட்டத்தில் பதினைந்து சிற்றறைகள் இருக்கும். அடுத்தடுத்த சிற்றறைகளை இணைத்து அறையாக்க விதிகள் இடம் தருகின்றன. ஓரங்களில் இணைத்தால் நீள்சதுரம் மட்டுமே வரலாம். நடு அச்சின் மேல் மட்டும் சிலுவை, டி எழுத்து, ஐ எழுத்து போன்ற வடிவங்கள் அனுமதிக்கப்படுகின்றன. இடப்புறம் எதைச் செய்தாலும் வலப்புறம் அது கண்ணாடிப் பிம்பமாக உடனே நிகழ வேண்டும். இந்த விதிகளை ஒரு வரிசையில் செலுத்தினால் மல்கொன்டென்டாவின் வரைபடம் அப்படியே வந்து நிற்கிறது.

ஆனால் வேறு வரிசையில் செலுத்தினால்? அதே ஆண்டில் வெளியான இன்னொரு கட்டுரையில் இருவரும் அதையும் எண்ணினர். மூன்றுக்கு மூன்று கட்டத்தில் 20 வரைபடங்கள். ஐந்துக்கு மூன்று கட்டத்தில் 210. மல்கொன்டென்டா அந்த 210-இல் ஒன்று. மற்றவற்றில் பெரும்பாலானவற்றைப் பல்லாடியோ வரையவே இல்லை.

ஒரு பாணியின் இலக்கணம் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும் என்று ஸ்டைனியும் மிட்செலும் வரையறுத்தனர். அப்பாணியின் கட்டிடங்களுக்குப் பொதுவாக இருப்பது எது என்று விளக்க வேண்டும். புதிதாக ஒரு கட்டிடத்தைக் காட்டினால் அது அப்பாணியைச் சேர்ந்ததா என்று சொல்ல வேண்டும். அப்பாணியில் புதியவற்றைப் படைக்கவும் வழி காட்ட வேண்டும். மூன்றாவதுதான் சண்டைக்கு இழுத்தது.

பல்லாடியோவைப் பார்த்துக் கட்டுவது புதிதன்று. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மியர்வொர்த், சிசிக் ஆகிய இடங்களின் மாளிகைகள் விசென்சாவுக்கு வெளியே உள்ள அவரது ரொட்டோண்டாவைப் பின்பற்றி எழுந்தவையே. அவற்றை யாரும் பல்லாடியோ கட்டினார் என்று சொல்லவில்லை. இலக்கணம் ஈன்ற வீட்டுக்கு மட்டும் அந்த மயக்கம் ஏற்படுகிறது. காரணம், விதிகள் பல்லாடியோவின் மனத்திலிருந்து வந்தவை என்று படிப்பவர் எண்ணிவிடுகிறார். உண்மையில் அவை 1970-களில் இருவர் அவரது படங்களைப் பார்த்து ஊகித்தவை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வலப்புற அறைகள் இடப்புற அறைகளுக்கு ஈடாக இருக்க வேண்டும் என்று பல்லாடியோ தம் நூலில் எழுதும்போது காரணத்தையும் சேர்த்தே சொல்கிறார்: அப்போதுதான் கூரையின் பாரத்தைச் சுவர்கள் சமமாகத் தாங்கும். 1978-இன் இலக்கணத்தில் கண்ணாடிப் பிம்ப விதி இருக்கிறது, கூரை இல்லை. பாரம் இல்லை. இத்தகைய மாளிகைகள் பலவற்றின் மேல்மாடத்தில் குவித்து வைத்த தானியமும் இல்லை. விதி மிஞ்சியது, விதிக்கான காரணம் உதிர்ந்துவிட்டது. இதைக் குற்றமாகச் சொல்வதைவிட எல்லையாகச் சொல்வதே நியாயம். வெண்டளை பிறழாமல், ஈற்றடி நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றால் முடிந்தால் அது வெண்பாதான். நல்ல பாட்டா என்று யாப்பிலக்கணத்தைக் கேட்க முடியாது. 210-இல் எது வாழத்தக்கது என்று இந்த இலக்கணத்தையும் கேட்க முடியாது.

கலை வரலாற்றாசிரியர் ஜார்ஜ் ஹெர்சியும் ரிச்சர்ட் ஃப்ரீட்மேனும் 1992-இல் இதே வேலையை வேறு வழியில் கணினி நிரலாகச் செய்து ஒரு நூல் எழுதினர். 'இயலக்கூடிய பல்லாடிய மாளிகைகள்' என்று தலைப்பிட்டு, பாடம் சொல்லும் சில இயலாத மாளிகைகளும் உண்டு என்று அத்தலைப்பிலேயே சேர்த்தது நயமானது. எது தவறாகத் தெரிகிறது என்று பார்த்தால்தான் எந்த விதி விடுபட்டது என்பது புரியும்.

கணப்பிலிருந்து தொடங்கும் வீடு

1981-இல் ஹேங்க் கோனிங், ஜூலி ஐசன்பெர்க் என்ற இருவர் அமெரிக்கக் கட்டிடக்கலைஞர் ஃபிராங்க் லாய்டு ரைட்டின் 'பிரெய்ரி' வீடுகளுக்கு இலக்கணம் எழுதினர். இங்கே கட்டக்கோடு முதலில் வரவில்லை. வீட்டின் நடுவே உள்ள கணப்பு அடுப்பு முதலில் வைக்கப்படுகிறது. அதைச் சுற்றி வாழும் பகுதி, அதை ஒட்டிப் பணிப்பகுதி என்று கனசெவ்வகங்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. தாம் குழந்தையாக இருந்தபோது தாய் வாங்கித் தந்த ஃபுரோபெல் மரக்கட்டைகளின் உணர்வு விரல்களில் தங்கிவிட்டதாக ரைட் சொல்லிவந்தார் என்பதை இதோடு சேர்த்து நினைக்கலாம். பல்லாடியோவின் இலக்கணம் தட்டையான வரைபடம், இது முப்பரிமாணம். கோனிங்கும் ஐசன்பெர்க்கும் பின்னர் கலிஃபோர்னியாவில் சொந்த நிறுவனம் தொடங்கி, எளிய வருவாயினருக்கான குடியிருப்புகளால் பெயர் பெற்றனர்.

ஹெப்பிள்வைட் நாற்காலி முதுகுகள், முகலாயத் தோட்டங்கள், சப்பானியத் தேநீர் அறைகள், பஃபலோ நகரத்து பங்களாக்கள் என அந்தப் பத்தாண்டில் இலக்கணங்கள் பெருகின. எல்லாவற்றையும் இங்கே விரிக்கத் தேவையில்லை.

கணினி காணாத மூன்றாவது சதுரம்

விதிகள் என்றதும் கணினி இதை எளிதாகச் செய்யும் என்றே தோன்றும். நடந்தது வேறு. மீண்டும் ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். ஒரு சதுரம் வரைந்து, அதே அளவுள்ள இன்னொரு சதுரத்தை மூலைவாட்டில் சற்றே நகர்த்தி முதல் சதுரத்தின் மேல் படியுமாறு வரையவும். வரைந்தது இரண்டு சதுரங்கள். ஆனால் கண் மூன்றைக் காண்கிறது. இரண்டும் படியும் இடத்தில் ஒரு சிறு சதுரம் இருக்கிறது. இருபுறமும் எல் எழுத்து வடிவத்தில் இரண்டு துண்டுகளும் உள்ளன. அவற்றை யாரும் வரையவில்லை.

'சதுரம் இருந்தால்' என்று தொடங்கும் விதி அந்தச் சிறு சதுரத்திலும் செல்ல வேண்டும். வடிவமைப்பாளர் தாளில் கிறுக்கும்போது இதுதான் நிகழ்கிறது. எதிர்பாராமல் தெரிந்ததைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அடுத்த கோட்டைப் போடுகிறார். ஆனால் இரண்டு சதுரங்கள் என்று நினைவில் வைத்துள்ள கணினிக்கு மூன்றாவது என ஒன்று கிடையாது. கட்டத்துக்கு ஒரு குறியீடு என்ற முறையிலும் அது கிடைக்காது. ஸ்டைனி குறியீட்டை மறுத்துக் கோட்டைப் பற்றிக்கொண்டதன் காரணம் இதுவே.

1980 வாக்கில் ரமேஷ் கிருஷ்ணமூர்த்தி இதற்கு ஒரு கணித வழி கண்டார். படத்தைச் சதுரங்களாக வைக்காமல், ஒன்றோடொன்று சேரக்கூடிய கோட்டுத்துண்டுகளையெல்லாம் சேர்த்து, இயன்றவரை நீண்ட கோடுகளாக மட்டும் வைப்பது அம்முறை. மேற்கண்ட படம் அப்போது எட்டு நீண்ட கோடுகள், அவ்வளவே. ஒரு விதி தேடும் வடிவத்தின் ஒவ்வொரு பக்கமும் ஏதோ ஒரு நீண்ட கோட்டின் பகுதியாக இருந்தால் போதும், அந்த வடிவம் அங்கே இருக்கிறது. சிறு சதுரம் அகப்பட்டுவிடும். நேர்கோடுகளுக்கு இது அழகாகப் பொருந்தியது. வளைகோடுகளும் பரப்புகளும் வந்தபோது வேலை கடினமாயிற்று.

வணிக மென்பொருள் வேறு பாதையில் சென்றது. 2001 முதல் 2006 வரை பாஸ்கல் முல்லர், பீட்டர் வொன்கா முதலியோர் வளர்த்த முறையில் கட்டிடம் ஒரு பெட்டியாகத் தொடங்கி, மாடிகளாகவும் சன்னல் வரிசைகளாகவும் வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் இடப்படுகிறது. பழைய பாம்பெய் நகரைத் திரையில் எழுப்பிக் காட்டியது இம்முறை. சூரிச்சில் இதிலிருந்து பிறந்த 'சிட்டி எஞ்சின்' மென்பொருளை 2011-இல் எஸ்ரி நிறுவனம் வாங்கியது. ஆயிரக்கணக்கான கட்டிடங்களைச் சில நிமிடங்களில் தரும் இந்த வழியில், பெயர் இடப்படாத மூன்றாவது சதுரத்துக்கு இடமில்லை. வேகத்துக்குக் கொடுத்த விலை அது.

மலகெய்ரா

போர்ச்சுகலில் 1974-இல் சர்வாதிகாரம் வீழ்ந்தபின், எவோரா நகரின் ஓரத்தில் மலகெய்ரா என்ற இடத்தில் சுமார் 1,200 வீடுகள் கட்டும் பணி 1977-இல் அல்வாரோ சிசா என்ற கட்டிடக்கலைஞரிடம் வந்தது. மனை ஒவ்வொன்றும் 8 மீட்டருக்கு 12 மீட்டர். வீடு முற்றத்தைச் சுற்றி அமையும். முற்றம் சில வீடுகளில் தெருப்பக்கம், சிலவற்றில் பின்பக்கம். ஒரு படுக்கையறையோடு தொடங்கி, குடும்பம் பெருகும்போது ஐந்து வரை வளர்த்துக்கொள்ளலாம். குடியேறப்போகும் மக்களின் கூட்டுறவுச் சங்கங்களோடு உட்கார்ந்து பேசியே சிசா வரைந்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு அப்படி ஒவ்வொன்றாக வரைந்து தருவது ஒரு மனிதரால் ஆகக்கூடியதன்று. எல்லோருக்கும் ஒரே அச்சில் வார்த்துக் கொடுத்தால் செலவு குறையும்; ஆனால் இரண்டு பேர் வாழும் வீடும் ஏழு பேர் வாழும் வீடும் ஒன்றாகிவிடும்.

ஜோசே பின்டோ டுவார்டே 2001-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வில், 1977 முதல் 1996 வரை சிசா இங்கே வரைந்த வீடுகளுக்கு இலக்கணம் எழுதினார். மனை என்னும் நீள்சதுரம் முற்றம், வாழும் பகுதி, பணிப்பகுதி, உறங்கும் பகுதி எனப் பிளக்கப்பட்டு, பின்னர் அறைகளாக மேலும் பிளக்கப்படுகிறது. பல்லாடியோவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள யாராலும் முடியாது. இங்கே கட்டிடக்கலைஞர் உயிரோடு இருந்தார், அவரிடமே கேட்க வாய்ப்பு இருந்தது.

1978-இன் இலக்கணத்தில் இல்லாத ஒரு பகுதியும் இதில் உண்டு. டுவார்டேயின் இலக்கணம் இரண்டு அடுக்குகளால் ஆனது. வடிவத்தைத் தொடும் விதிகள் இரண்டாவது அடுக்கில் இருக்கின்றன. அதற்கு முன்னுள்ள அடுக்கு, வீட்டில் வாழப்போகிறவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு என்னென்ன அறைகள் தேவை, செலவு எவ்வளவு தாங்கும் என்பவற்றைக் கேட்டு, அந்தக் குடும்பத்துக்கான வீட்டுத் தேவைப் பட்டியலை எழுதுகிறது. வரைபடத்தின் முதல் கோடு அந்தப் பட்டியல் முடிந்த பிறகே விழுகிறது.